பிள்ளைகள் போனோடு வகுப்புக்கு வந்தால்: ரியூசன் ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நான் நடத்துகிற உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் இப்போது 34 பிள்ளைகள். 19 பேரிடம் சொந்தப் போன் இருக்கிறது, 7 பேர் அம்மாவின் போனை அன்றைக்கு மட்டும் கேட்டு வாங்கி வருவார்கள், இரண்டு பேரிடம் ரப் (ரப்லெட்), ஒரு பெடியனிடம் கனடாவிலிருந்து சித்தப்பா கொடுத்துவிட்ட பழைய லப்டொப், மிச்சம் 5 பேரிடம் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்குத் தெரிவதற்கு முன் நான் நடத்திய முதல் போன் வகுப்பு எப்படிப் போனது என்றால், எல்லோரும் ஒரு செயலியை இறக்குங்கள் என்றேன், ஒருவருக்கு டேட்டா இல்லை, ஒருவருக்குப் போனில் இடமில்லை, இன்னொருவரின் போன் அப்பாவின் கடவுச்சொல்லைக் கேட்டது, அப்பா கடலுக்குப் போயிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து 11 பேரின் போனில் செயலி இருந்தது, கரும்பலகையில் தலைப்பு மட்டும் இருந்தது.

பிள்ளைகளில் பிழை இல்லை. நான் என்னுடைய போனை வைத்துப் பாடத்தைத் திட்டமிட்டிருந்தேன். வகுப்பிலே ஆக மோசமான போன் எதுவோ அதை வைத்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். கீழே வருகிற எல்லாமே அந்த ஒரு திருத்தத்திலிருந்து வந்தவைதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அரச பாடசாலைகளில் மாணவர் போன் கொண்டுவருவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை, அங்கே படிப்பிக்கிறவர்கள் அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுக்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம். ரியூட்டரி, தனியார் பாடசாலை, தொழில்நுட்பக் கல்லூரி, கம்பஸ் என்று போன் எப்படியும் உள்ளே வந்துவிடுகிற இடங்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

முதல் படி: கடதாசியில் கணக்கெடுங்கள்

"போன் இருக்கிறவர்கள் கையை உயர்த்துங்கோ" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இல்லாத பிள்ளை கையை உயர்த்திவிடும், அல்லது உயர்த்தாமல் அன்று முழுவதும் குனிந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியது "போன் இருக்கிறதா" என்பதல்ல. வகுப்பு நேரத்தில் உன் கையில் இருக்கக்கூடிய போன் எது, அது யாருடையது என்று கேளுங்கள். சொந்தப் போன், அம்மாவுடையது, அண்ணனோடு பங்கு, இல்லை என்று நான்கு விடை போதும். அதோடு போனில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, திரை உடைந்திருக்கிறதா, ஒலிவாங்கி வேலை செய்கிறதா, டேட்டா காட் போடுவது கிழமைக்கா மாதத்துக்கா என்றும் எழுதட்டும். கடைசிக் கேள்வி கொஞ்சம் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரித்தான், ஆனால் அது தெரியாமல் "வீட்டிலே போய் இந்த விடியோவைப் பாருங்கோ" என்று சொல்வது சில வீடுகளில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை மூட்டிவிடுகிற வேலை.

இந்தக் கடதாசிகளை வகுப்பில் உரத்து வாசிக்கவும் வேண்டாம், வேறு ஆசிரியரிடம் காட்டவும் வேண்டாம். தவணைக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள். போன் விழும், விற்கப்படும், தங்கச்சிக்குக் கைமாறும். என் வகுப்பில் சொந்தப் போன் இப்போது 19, கடந்த தவணை 22.

இரண்டாம் படி: வீட்டுக்கு ஒரு கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எந்த நாளில் போன் தேவை, எவ்வளவு நேரத்துக்கு, எதற்கு என்று முதலில் எழுதுங்கள். பிறகு மிக முக்கியமான வரி: போன் இல்லாவிட்டால் வாங்கத் தேவையில்லை, அதனால் பிள்ளையின் படிப்பில் ஒரு குறையும் வராது. இந்த வரி இல்லாத கடிதம் போனால் அடுத்த கிழமை ஒரு வீட்டிலாவது நகை அடைவுக்குப் போகும், இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். என் வகுப்பில் சொந்தக்காரப் பிள்ளையின் கையில் இருக்கும்போது விழுந்தால் அந்த வீட்டின் பொறுப்பு, வகுப்பு வேலைக்காக வேறு பிள்ளையின் கைக்குப் போய் விழுந்தால் என் பொறுப்பு. இதுவரை ஒரு திரைதான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காசு வலித்தது, ஆனால் எழுதி வைத்திருந்தபடியால் பேச்சு வரவில்லை.

மூன்றாம் படி: ஒரு மோசமான போன் வைத்திருங்கள்

உங்களுடைய பழைய போன், 2 ஜிபி நினைவகம், நிரம்பிய சேமிப்பு, ஓரம் வெடித்த திரை, அதை எறிந்துவிடாதீர்கள். வகுப்புக்குக் கொண்டுபோகிற எதையும் முதல்நாள் இரவு அதிலே ஓட்டிப்பாருங்கள். அதில் ஓடினால் வகுப்பில் ஓடும்.

செயலியை இறக்குவதைவிட உலாவியில் திறப்பது எப்போதும் நல்லது. உதாரணத்துக்கு, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) மாதிரியாக்கங்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கிற பரிசோதனைகளை, எடுங்கள். மின்சுற்று, அலைகள், அமிலம் காரம் என்று ஏராளம் இருக்கின்றன, பலதும் தமிழிலும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்தால் பிறகு இணையமே தேவையில்லை, அண்ட்ரொய்ட் போனில் குரோமிலே திறக்கும். ஐபோனில் இந்த வழி சிக்கல் தரும், அந்தப் பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்த்துவிடுங்கள். வகுப்பில் ஆக விலை கூடிய போன் கொண்டுவந்தவர் அன்றைக்கு மற்றவரின் போனை எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பார், அதைப் பார்க்க எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

செயலிதான் வேண்டும் என்றால் ஒரு கிழமை முன்னரே கொடுங்கள். பிளே ஸ்டோரிலேயே பக்கத்துப் போனுக்குச் செயலியை அனுப்புகிற வசதி இருக்கிறது, டேட்டா செலவாகாது. நான்கு பெடியளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான்காம் படி: இணையம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்

சின்னக் கணக்கு ஒன்று. பத்து நிமிட யூடியூப் விடியோவை 480பி தரத்தில் பார்த்தால் ஏறத்தாழ 60 எம்பி போகும். 34 பேரும் பார்த்தால் 2 ஜிபி. அதே விடியோவை நீங்கள் வீட்டில் முறைப்படி ஒருமுறை இறக்கி உங்கள் போனிலோ லப்டொப்பிலோ வகுப்புக்குக் காட்டினால் 60 எம்பிதான்.

உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு எல்லோரையும் இணைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான போன்கள் எட்டுப் பத்துப் பேரோடு கதவைச் சாத்திவிடும். வீட்டு ரவுட்டர் கொஞ்சம் கூடத் தாங்கும், இருபதைத் தாண்டினால் அதுவும் திணறும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சிம் போடாத ரவுட்டர்கூட வகுப்புக்குள் ஒரு வலையமைப்பை உண்டாக்கும். ஒரு லப்டொப்பில் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை நிறுவி, பாடங்களையும் வினாக்களையும் வீட்டில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தால், பிள்ளைகள் ரவுட்டரின் வைபையில் இணைந்து தங்கள் போனின் உலாவியிலேயே எல்லாவற்றையும் திறக்கலாம், ஒரு எம்பி டேட்டாவும் போகாது. இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று: இந்த வைபையில் இணையம் இல்லை என்று போன் சொல்லி, இணைந்திருக்கவா என்று கேட்கும், அல்லது கேட்காமலே டேட்டாவுக்குத் தாவிவிடும். "ஓம்" கொடுக்கச் சொல்லுங்கள், மொபைல் டேட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வகுப்பு போனது.

கோப்பு மட்டும் கொடுப்பதற்கு அண்ட்ரொய்ட் போன்களில் இருக்கிற குவிக் ஷெயார் போதும். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎப் ஆக எடுக்கலாம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு வகுப்பில் வைத்துவிட்டால் டேட்டா இல்லாத பிள்ளையும் எடுத்துக்கொண்டு போகும்.

கரண்ட் பற்றி

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், அந்த நேரத்தில் பழகியதை விட்டுவிடாமல் இருந்தால் சரி. போன் பாதிச் சார்ஜோடு வரவேண்டும், வகுப்பில் சார்ஜ் போடுவது ஆசிரியர் மேசையில் மட்டும். பழைய கட்டடங்களில் வட்டப் பின், புதிதில் சதுரப் பின், பிள்ளைகளின் சார்ஜரோ மூன்றாவது விதம். ஒரு நல்ல மல்ரி பிளக்கை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள், கதிரைகளுக்கு நடுவே வயர் இழுக்க விடாதீர்கள்.

ஐந்தாம் படி: மூன்று சொல்

பை, குப்புற, கை. இவ்வளவுதான் என் சட்டம். "பை" என்றால் போன் பைக்குள், அதிர்வும் இல்லாமல். "குப்புற" என்றால் மேசையில் திரை கீழே. "கை" என்றால் எடுக்கலாம், கரும்பலகையில் எழுதிய வேலை முடியும் வரைக்கும் மட்டும். வகுப்புத் தொடங்குவது எப்போதும் "பை"யில்தான். இரண்டு மணித்தியால வகுப்பில் "கை" நேரம் இருபது நிமிடத்தைத் தாண்ட நான் விடுவதில்லை.

பிள்ளைகள் முதல் கிழமை சிரிப்பார்கள். மூன்றாம் கிழமை யாராவது "சேர், இப்ப பையோ குப்புறவோ?" என்று கேட்பார்கள், அப்போது விடயம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

லப்டொப்பும் ரப்பும் கடைசி வரிசைக்குப் போகட்டும். கனடாவில் செய்து 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், தனக்கு முன்னால் இன்னொருவர் லப்டொப்பில் வேறு வேலை பார்ப்பது தெரிகிற இடத்தில் இருந்த மாணவர்களின் புள்ளி, தெரியாத இடத்தில் இருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைந்திருந்தது. வேறு வேலை பார்த்தவர் கெட்டது அவர் பாடு, பின்னால் இருந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? திரை பெரிதாக இருக்கிற சாதனத்துக்குப் பின்னால் சுவர்தான் இருக்க வேண்டும்.

கரும்பலகையைப் படம் எடுப்பது ஓயாத வழக்கு. நான் தடுப்பதில்லை, ஆனால் கொப்பியில் எழுதி முடித்த பிறகுதான் எடுக்கலாம். படம் எடுத்தவுடன் மனம் "இது என்னிடம் இருக்கிறது" என்று நம்பிவிடுகிறது, பிறகு அந்தப் படம் நல்லூர்த் திருவிழாப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே போய்ப் புதைந்துவிடும்.

ஆறாம் படி: மூவருக்கு ஒரு போன்

ஆளுக்கொரு போன் இருந்தால்தான் பாடம் நன்றாக நடக்கும் என்று நானும் நினைத்தேன். அப்படியில்லை. ஆளுக்கொன்று இருந்தால் 34 பேர் 34 இடத்தில் இருப்பார்கள். மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் கதைக்கத்தான் வேண்டும். 34 பேருக்கும் 12 போன் போதும், இல்லாத 5 பேர் யார் என்றே வெளியே தெரியாது.

ஒருவர் போனைப் பிடிப்பார், ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். போனைப் பிடிக்கிற வேலை அதன் சொந்தக்காரருக்கு இல்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, இல்லாவிட்டால் போன் உள்ள பிள்ளை முதலாளி, மற்ற இருவரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

ஆனால் தன் போனை இன்னொருவரிடம் கொடுப்பது லேசான விடயமில்லை. ஒரு நாள் அம்மாவின் போன் மேசையில் இருக்க, லண்டன் மாமி விடியோ அழைப்பில் வந்து வகுப்பையே நலம் விசாரித்துவிட்டுப் போனார். வங்கியிலிருந்து வருகிற குறுஞ்செய்தி, வீட்டுப் பிரச்சினை பற்றி யாரோ அனுப்பியது, எல்லாம் திரையில் வந்து விழும். ஆகவே கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை. போனை விமானப் பயன்முறையில் போட்டு, தேவையானால் வைபையை மட்டும் திறக்க வேண்டும். பிறகு செயலியைத் திரையில் பூட்ட வேண்டும். அண்ட்ரொய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் செயலியைப் பின் பண்ணுகிற வசதி இருக்கிறது, ஐபோனில் கைடட் அக்செஸ் என்று இருக்கும். கடவு எண் கேட்கும்படி வைத்துப் பூட்டிவிட்டால் அது இல்லாமல் அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. இதைப் பழக்க ஒரு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், வீண்போகாது.

ஒரு பாடத்தை முழுதாகப் பார்ப்போம்

ஒலியின் வேகம். உயர்தரத்தில் எப்படியும் வருகிற அலகு.

நான் முதலில் செய்ய நினைத்தது ஊசல். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்த பைபொக்ஸ் என்ற இலவசச் செயலி போனில் இருக்கிற உணரிகளை எல்லாம் ஆய்வுகூடக் கருவிகளாக மாற்றிவிடும், அதில் ஊசலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. என் போனில் அழகாக வேலை செய்தது. பழைய போனில் திறக்கவே இல்லை, ஏனென்றால் அதற்குச் சுழல்மானி உணரி வேண்டும், விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஒலிவாங்கி இல்லாத போன் கிடையாது. அதனால் ஒலிக்கு மாறினேன்.

பைபொக்ஸில் ஒலியால் இயங்குகிற நிறுத்தற் கடிகாரம் இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்துக்கு நிற்கும். இரண்டு போன்களை 10 மீற்றர் இடைவெளியில் வையுங்கள், நாடாவால் அளந்து, வெண்கட்டியால் கோடு போட்டு. முதலாம் போனுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, இரண்டாம் போனுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை. முதல் பிள்ளை கைதட்டும்போது முதலாம் போன் உடனே ஓடும், இரண்டாம் போன் ஒலி அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடும். கொஞ்சம் பொறுத்து இரண்டாம் பிள்ளை தட்டினால் இரண்டாம் போன் உடனே நிற்கும், முதலாம் போன் ஒலி திரும்பி வந்த பிறகு நிற்கும். இரண்டு போன்களிலும் காட்டுகிற நேரங்களைக் கழித்தால் ஒலி 20 மீற்றர் போக எடுத்த நேரம் கிடைக்கும். போன்கள் ஒன்றோடொன்று இணையத் தேவையில்லை, டேட்டா தேவையில்லை, இரண்டும் ஒரே மாதிரியான போனாக இருக்கவும் தேவையில்லை. இதற்கு மட்டும் இரண்டு குழுக்களைச் சேர்த்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. சத்தத்தின் எல்லையை வகுப்பு இரைச்சலுக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது இருமினாலே கடிகாரம் ஓடும். குறைந்தபட்சத் தாமதத்தைக் கூட்டி வையுங்கள், அல்லது முதல் தட்டலின் எதிரொலியிலேயே நின்றுவிடும். கைதட்டலைவிட இரண்டு மரத்துண்டுகளை அடிப்பது நல்லது, சத்தம் கூர்மையாக இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு குழு அடிக்கக்கூடாது, வரிசை வைக்க வேண்டும். மண்டபத்துக்குள் சரிவராது, நாங்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனோம். கோயில் ஒலிபெருக்கி இல்லாத நாளாகப் பாருங்கள். எங்களுக்கு ஆடி மாதத்தில் அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை, ஒரு மாதம் தள்ளிப்போட்டோம்.

ஒரு குழுவுக்குக் கிடைத்தது 0.056, 0.059, 0.058 செக்கன். சராசரி 0.0577. போனில் கணிப்பானைத் திறக்க விடாதீர்கள், பரீட்சை மண்டபத்தில் போன் இருக்காது. கையால் வகுக்கட்டும்: 20 ஐ 0.0577 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 347 மீற்றர் அளவில் வரும்.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. "சேர், புத்தகத்திலை 330 எண்டெல்லோ கிடக்கு, பிழைச்சுப்போச்சோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. 330 சொச்சம் என்பது 0 பாகை செல்சியசில். நாங்கள் நின்ற வேப்பமரத்தடியில் 30 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.6 கூட்டினால் 331 உடன் 18 சேர்ந்து 349. எங்களுக்கு 347. அந்த இரண்டு எங்கே போனது என்று அடுத்த அரை மணித்தியாலம் கதைத்தோம். ஒரு மில்லிசெக்கன் பிழைத்தாலே விடை 6 மீற்றர் ஆடும், அப்படியென்றால் 347 உண்மையில் நல்ல விடை. போன்களுக்கு இடையிலான தூரத்தை 10 இலிருந்து 20 மீற்றராக்கினால் அதே பிழை 3 மீற்றராகக் குறையும். இதை நான் சொல்லவில்லை, கடைசி வரிசையில் வழமையாக நித்திரை கொள்கிற பெடியன் சொன்னான். இந்தக் கதை முழுக்க நடந்தபோது போன்கள் குப்புறக் கிடந்தன. "கை" நேரம் மொத்தம் 18 நிமிடம்.

சொற்கள் விடயத்தில் விழிப்பாக இருங்கள்

போன் வகுப்பில் எனக்கு ஆகப் பெரிய தலையிடி விளையாட்டுச் செயலிகள் இல்லை. தமிழ்நாட்டு விடியோக்கள். குற்றம் சொல்லவில்லை, அருமையாகப் படிப்பிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், என் பிள்ளைகள் பலர் மின்னியலை அவர்களிடம்தான் விளங்கிக்கொண்டார்கள். ஆனால் சொல் வேறு.

நாங்கள் திணிவு என்பதை அவர்கள் நிறை என்பார்கள். நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்பார்கள். ஒரே சொல், இரண்டு கணியம். அதேபோல எங்கள் கதி அவர்களுக்கு வேகம், எங்கள் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். ஆர்முடுகலை முடுக்கம் என்பார்கள், மீடிறனை அதிர்வெண் என்பார்கள், அதில் குழப்பம் குறைவு, புதுச் சொல் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நிறையும் வேகமும்தான் ஆபத்து, தெரிந்த சொல் மாதிரி வந்து வேறு பொருளைச் சொல்லிவிட்டுப் போகும். ஒரு பிள்ளை "நிறை 5 கிலோகிராம்" என்று எழுதிவிட்டு ஏன் புள்ளி குறைந்தது என்று விளங்காமல் நின்றது.

இதற்கு மருந்து, வகுப்புச் சுவரில் இரண்டு நிரல் அட்டவணை. இடப்பக்கம் எங்கள் சொல், வலப்பக்கம் விடியோவில் வருகிற சொல். நீங்கள் எழுதி ஒட்ட வேண்டாம், பிள்ளைகள் விடியோவில் கேட்கக் கேட்கச் சேர்க்கட்டும். எங்களுடையது இப்போது 60 சொல்லைத் தாண்டிவிட்டது, இரசாயன ஆசிரியரும் ஒட்சிசன், ஆக்சிஜன் என்று தன் பங்குக்குத் தொடங்கிவிட்டார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வருகிற விடைகளிலும் இதே கதைதான். வினாவைப் படம் எடுத்துக் கொடுத்தால் முழு விடை வரும், அது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொல்லில் வரும். வீட்டு வேலையில் "முடுக்கம்" என்று கண்டால் எனக்கு மூலம் விளங்கிவிடும். பிடித்துத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. "சரி, இதை எங்கள் சொல்லுக்கு மாற்றி, மூன்றாவது வரி ஏன் வந்தது என்று வந்து சொல்லு" என்பேன். மாற்றத் தெரிந்தால் விளங்கியிருக்கிறது. சில நேரம் மூன்றாவது வரி உண்மையாகவே பிழையாக இருக்கும், அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

வேறு பாட ஆசிரியர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் இவற்றை நடத்தியவன் இல்லை, பக்கத்து வகுப்புகளில் பார்த்தவன். கணிதத்துக்கு ஜியோஜிப்ரா, வரைபைக் கையால் வரைந்த பிறகு சரிபார்ப்பதற்கு மட்டும். தமிழுக்கும் வரலாற்றுக்கும் 2005 இல் தொடங்கிய நூலகம் தளம், எங்கள் ஊர்ப் பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன, 1981 இல் பொதுநூலகம் எரிந்த ஊரில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடக்கூடாது. புவியியலுக்கு வழுக்கியாற்றின் கரையோரம் நடந்து போனில் இடங்களைக் குறிப்பது. மொழிப் பாடங்களுக்குத் தன் வாசிப்பைத் தானே பதிந்து கேட்பது, இதைவிட மலிவான ஆசிரியர் இல்லை.

பிள்ளைகளிடம் ஒரு போனும் இல்லாத வகுப்பு என்றால் பிளிக்கர்ஸ் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு கடதாசி அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதுதான் விடை, ஆசிரியரின் போன் கமெரா எல்லோருடைய விடையையும் ஒரே வீச்சில் வாசித்துவிடும்.

வட்ஸ்அப் குழு

குழுவில் சேர்த்தவுடன் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் இலக்கம் எங்கெல்லாம் போகும் என்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் குழுவைக் கலைத்துவிட்டு ஒலிபரப்புப் பட்டியலுக்கு மாறினேன், உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குச் செய்தி தனித்தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் ஒன்றும் அனுப்புவதில்லை.

வகுப்பில் இன்னொருவரைப் படம் எடுப்பதற்கு முழுத் தடை, விளையாட்டுக்கும் இல்லை. யாருக்காவது படத்தை வைத்து மிரட்டல் வந்தால் பிள்ளையின் போனைப் பறிக்காதீர்கள், செய்திகளை அழிக்கச் சொல்லாதீர்கள், அவைதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் வகுப்புச் சுவரில் இருக்கட்டும், அழைப்புக்குக் காசு இல்லை.

கடைசி மூன்று நிமிடம்

இதை ஒதுக்காமல் வகுப்பை விடாதீர்கள். பூட்டிய செயலியைத் திறக்க வேண்டும், அம்மாவின் போனில் எடுத்த வகுப்புப் படங்களை அனுப்பிவிட்டு அழிக்க வேண்டும், இறக்கிய கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் எடுத்துவிட வேண்டும், போன் தன் சொந்தக்காரரின் கையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விமானப் பயன்முறை. ஒருமுறை நான் மறந்துவிட்டேன். ஒரு பிள்ளை அம்மாவின் போனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது, அப்பா இரண்டு மணித்தியாலமாக அழைத்துப் பார்த்துவிட்டு, மழைக்குள் மோட்டார் சைக்கிளில் ரியூட்டரி வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இப்போது கதவடியில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் "பிளேன் இறங்கிட்டுதோ?" என்று கேட்டுத்தான் விடுகிறேன்.